கூலிக்கு மேலே கொடுப்பது வேலைக்கு உதவுமா?

ஒருவர் நாட்கூலிக்கு வேலைக்குப் போகிறார். பேசிய கூலி ஒன்று இருக்கிறது. அதற்கு மேலே காலைத் தேநீர், மத்தியானச் சோறு, பஸ் காசு, சுகயீனமான நாளில் ஏதும் உதவி, தைப்பொங்கலுக்கு ஒரு வேட்டி சேலை, சேமலாப நிதி என்பன சில இடங்களில் கிடைக்கின்றன. பல இடங்களில் கிடைப்பதில்லை. கொடுப்பவர் இவற்றைத் தமக்கு நட்டம் என எண்ணுகிறார். வாங்குபவர் பெரும்பாலும் முதலாளியின் நல்ல மனம் என எண்ணுகிறார். இந்த இரண்டு எண்ணமும் எவ்வளவு தூரம் சரி என்பதை இப்பாடத்தில் ஆராய்வோம்.

இது தொழிற்சாலைக்காரரின் விடயம், கமக்காரராகிய நமக்கு ஏன் என்று கேட்கலாம். சொந்தக் காணியில் மழையை நம்பி நெல் விதைத்து, நாலு மாடு வளர்த்து, பனையில் பாதி வருமானம் தேடிய காலத்தில் நமக்கு முதலாளியும் நாமே, வேலையாளும் நாமே. 1990இலும் அடுத்த ஆண்டிலும் தீவகத்திலிருந்தும், 1995 ஒக்டோபர் முடிவில் வலிகாமத்திலிருந்தும் குடும்பங்கள் எழும்பியபோது அந்த நிலை முறிந்தது. காணியோடு இருந்தவர் பிறர் காணியில் வெங்காயம் நட்டார். அரிசி ஆலையில் மூட்டை தூக்கினார். சிலர் கடையில் நின்றனர். காணி திரும்பக் கிடைத்தவர்கள் இன்று வேறொருவரைக் கூலிக்கு அழைக்கிறார்கள். கூலி கொடுக்கும் கையும் வாங்கும் கையும் ஒரே குடும்பத்தில் இருப்பதால் கணக்கை இரண்டு பக்கமும் நின்று பார்க்கவேண்டியவர்களாக இருக்கிறோம்.

சோறு

முதலில் சாப்பாட்டை எடுப்போம். நமது ஊர்களில் 'சாப்பாட்டோடு கூலி', 'சாப்பாடில்லாத கூலி' என்று இரண்டு பேச்சு உண்டு. சாப்பாடு கொடுத்தால் கூலியில் குறைப்பார்கள். இரண்டும் ஒரே தொகைதானே என்று தோன்றும். ஆனால் ஒரே தொகை அல்ல. காசாகக் கொடுத்தால் அந்தக் காசு வீட்டுக்குப் போகும். பிள்ளையின் கொப்பிக்கும் கடைக்கடனுக்கும் போகும். வேலை செய்பவர் வெறும் தேநீரோடு பின்னேரம் வரை நிற்பார். சோறாகக் கொடுத்தால் அது அவருடைய வயிற்றுக்குள்ளேயே போகும். மண்வெட்டி பிடிக்கிற கைக்கு அதுதான் தேவை.

சென்னையில் சைக்கிள் ரிக்ஷா ஓட்டுபவர்களிடையே ஓர் ஆய்வு நடந்தது. ஓட்டுபவர்களில் ஒரு பகுதியினருக்கு ஐந்து வாரங்கள் நாளாந்தம் 700 கலோரி மேலதிக உணவு கொடுக்கப்பட்டது. கடைசி வாரத்தில் அவர்களுடைய உழைப்பும் வருமானமும் மற்றவர்களைவிடச் சுமார் 10 வீதம் கூடியிருந்தன. அவர்களுக்கு எவரும் புதிதாக வேலை கற்பிக்கவில்லை. மிதிக்கிற காலுக்குச் சக்தி வந்தது, அவ்வளவுதான்.

நமது நாட்டிலேயே இன்னொரு சான்று இருக்கிறது. மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பெண்களிடையே நடந்த ஆய்வு ஒன்று 1979இல் வெளியானது. ஒரு பகுதியினருக்கு இரும்புச்சத்து மாத்திரையும், மற்றவர்களுக்கு அதைப் போலவே தோன்றும் மருந்தற்ற மாத்திரையும் கொடுத்து, ஒவ்வொருவரும் பறித்த கொழுந்தை நிறுத்துப் பார்த்தார்கள். இரத்தச்சோகை நீங்கியவர்கள் பறித்த கொழுந்து கூடியது. மிகவும் வெளிறிப்போயிருந்தவர்களிடமே இந்த முன்னேற்றம் கூடுதலாகக் காணப்பட்டது. அவள் சோம்பேறி, கள்ளவேலை செய்கிறாள் என்று கங்காணி ஏசிய பெண்களில் எத்தனை பேர் இரத்தம் குறைந்தவர்களோ! இடம்பெயர்ந்த குடும்பங்களில் கடைசியாகச் சாப்பிடுகிறவர் தாய். அடுத்த நாள் காலையில் களை பிடுங்கப் போகிறவரும் அவரே. 'பெண் கூலி' குறைவாக இருப்பதற்கு வேலை குறைவு என்று காரணம் சொல்லுமுன் இதை நினைக்கவேண்டும்.

நயினாதீவில் உள்ளவர்களுக்கு அன்னம் கொடுப்பதைப் பற்றி வெளியார் பாடம் சொல்லத் தேவையில்லை. மணிமேகலைக்கு அமுதசுரபி கிடைத்த மணிபல்லவம் இந்தத் தீவுதான் என்பது இங்குள்ளவர்களின் நம்பிக்கை. அம்மன் கோவிலுக்கு வருகிறவர்கள் பசியோடு திரும்புவதில்லை. ஆனாலும் யாத்திரிகருக்குச் சோறு போடுகிற அதே ஊர்களில், தோட்ட வேலைக்கு வந்தவருக்குச் சிரட்டையில் தேநீர் ஊற்றி வேலிக்கு வெளியே இருத்திய காலமும் இருந்தது. அந்தத் தேநீரும் உடம்புக்குச் சக்தி கொடுத்திருக்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் அப்படிக் குடித்தவர் வேறு இடத்தில் வேலை கிடைத்த அன்றே விட்டுப் போனார். நடுகைக்கு ஆள் வரவில்லை என்று இன்று முறைப்பாடு சொல்லும் வீடுகள் சிலவற்றில் அந்தப் பழைய சிரட்டையை இன்னும் எவரும் மறக்கவில்லை.

மனம் வேறிடத்தில் இருந்தால்

கை இங்கே இருக்க மனம் வேறிடத்தில் இருந்தால் வேலை என்ன ஆகும்? இந்தியாவின் ஒடிசா மாநிலத்தில் வயல் வேலை இல்லாத மாதங்களில் நாட்கூலிக் குடும்பத்தவர் 408 பேரை வைத்து இதனை ஆராய்ந்தார்கள். காய்ந்த இலைகளை ஈர்க்கால் தைத்துச் சாப்பாட்டுத் தட்டு செய்வது வேலை. தட்டு எண்ணிக்கைக்கு ஏற்பக் கூலி. வேலை முடிகிற நாளில் முழுக் கூலியும் கொடுப்பது ஒரு முறை. மற்ற முறையில், உழைத்த காசில் ஒரு பங்கைச் சில நாட்கள் முன்னதாகவே கொடுத்தார்கள். ஒரு சதம்கூடக் கூட்டிக் கொடுக்கவில்லை. கொடுத்த நாள் மட்டுந்தான் வேறு.

காசு கையில் கிடைத்தவர்கள் அடுத்த நாளிலிருந்து சுமார் 7 வீதம் கூடுதலாகத் தைத்தார்கள். மிகவும் வறியவர்களிடம் இது 10 வீதத்துக்கும் மேல். கவனக்குறைவால் வரும் பிழைகளும் குறைந்தன. அவர்கள் அந்தக் காசில் செய்த முதல் காரியம் கடனைக் கொடுத்ததும் வீட்டுக்குச் சாமான் வாங்கியதும். கடன்காரர் வாசலில் நிற்பார் என்ற நினைவு போனதும் கண் இலையில் நின்றது.

நமது தோட்டக்காரர்களிடம் உள்ள வழக்கத்தை இதோடு வைத்துப் பாருங்கள். 'வெங்காயம் விற்றதும் தருகிறேன்', 'கிழமை முடியட்டும்', 'இன்று சில்லறை இல்லை'. சொல்கிறவருக்கு இது சிறு விடயம். கேட்டுத் திரும்புகிறவர் அன்றிரவு அரிசிக்கு எங்கே போவது என்று யோசித்தபடி நாளை வந்து குனிவார். கூலியை அன்றன்று மாலையில் கொடுப்பதற்கு மேலதிகமாக ஒரு சதமும் செலவில்லை. ஆகையால் சலுகைகளுக்குள் முதலிடம் எதற்கு என்று எம்மிடம் கேட்டால், பேசிய கூலியைப் பேசிய நேரத்தில் கொடுப்பதற்கே என்போம். அதைச் செய்யாமல் பொங்கலுக்குச் சேலை கொடுப்பவரைத் தாராள மனத்தவர் என்று சொல்ல நாம் ஆயத்தமில்லை.

பிள்ளைகளைப் பற்றிய கவலையும் இதே வகைதான். 1977க்குப் பிறகும் 1983க்குப் பிறகும் மலைநாட்டிலிருந்து வன்னிக்கு வந்து குடியேறிய குடும்பங்களுக்குப் 'பிள்ளைக்காம்பரா' என்றால் என்னவென்று தெரியும். கொழுந்துக்குப் போகும் தாய் பிள்ளையை அங்கே விட்டுப் போவாள். அந்தக் காம்பராக்களில் பல எவ்வளவு மோசமாக இருந்தன என்பதும் அவர்களுக்குத் தெரியும். இருந்தும் வன்னியில் தறை வேலைக்குப் போனபோது அதுவும் இல்லாமற்போனது. வரம்பில் சேலைத் தொட்டில் கட்டிய தாய், பிள்ளை அழும்போதெல்லாம் நிரையை விட்டு எழுந்து போனாள். ஐந்து பெண்களுக்கு ஒரு முதியவரைப் பிள்ளை பார்க்க இருத்தி, அவருக்கும் ஒரு பங்கு கூலி கொடுத்தால் மற்ற நால்வரின் நிரையும் நிற்காமல் போகும். இதைச் செய்து பார்க்கப் பெரிய கட்டடம் வேண்டியதில்லை.

ஓய்வைப் பற்றி ஒரு வார்த்தை. 2021இல் வெளியான இன்னொரு சென்னை ஆய்வில், கணினியில் தரவு பதியும் வேலைக்கு வந்த வறிய மக்கள் 452 பேரில் சிலருக்கு இரவில் கூடத் தூங்க வசதி செய்தார்கள். சிலருக்கு வேலைத்தலத்திலேயே மத்தியானம் அரை மணி நேரம் படுக்க இடம் கொடுத்தார்கள். இரவில் சராசரி 27 நிமிடம் கூடத் தூங்கியும் வேலையில் வித்தியாசம் தெரியவில்லை. சந்தடியும் வெக்கையும் நிறைந்த வீடுகளில் அடிக்கடி கலைகிற தூக்கம் அது. மத்தியானத் தூக்கமோ வேலையின் வேகத்தைக் கூட்டியது, மனநிலையையும் நன்றாக்கியது. என்றாலும் தூங்கிய அரை மணி நேரத்தையும் கணக்கில் எடுத்தால், இடைவிடாமல் வேலை செய்தவர்களைவிட மொத்த வருமானம் கூடவில்லை. சலுகை எல்லாம் காசாகத் திரும்பி வரும் என்று எவரும் ஆசைகாட்டினால் நம்பவேண்டாம் என்பதற்காக இதனையும் சொல்லிவைக்கிறோம்.

சுருட்டுக் கொட்டில் கண்டவர்களுக்கு வேறொன்று நினைவு வரும். யாழ்ப்பாணத்துக் கொட்டில்களில் ஒருவர் பத்திரிகையை உரத்து வாசிக்க மற்றவர்கள் கேட்டபடி சுருட்டுச் சுற்றுவார்கள். கியூபா நாட்டின் ஹவானா நகரத்துச் சுருட்டுத் தொழிற்சாலைகளிலும் 1865 முதல் இதே வழக்கம் இருந்தது. அங்கே வாசிப்பவருக்கான கூலியைத் தொழிலாளர்களே சேர்த்துக் கொடுத்தார்கள். காது கேட்க, கை ஓய்வதில்லை. எழுத வாசிக்கத் தெரியாதவரும் நாட்டு நடப்பு அறிந்தவராக எழும்பிப் போனார்.

போக்கும் வரவும்

நயினாதீவிலிருந்து யாழ்ப்பாண நகரில் ஒரு கடையிலோ ஆலையிலோ வேலை என்றால், முதலில் குறிகட்டுவானுக்கு லோஞ்ச். பிறகு புங்குடுதீவு, வேலணை, பண்ணை வழியாகப் பஸ். காற்றுக் கடுமையான நாளில் லோஞ்ச் பிந்தும், அல்லது ஓடாது. மாலையில் கடைசி லோஞ்சைத் தவறவிட்டால் இரவு தங்க இடம் தேடவேண்டும். இத்தகைய ஒருவருக்குச் சம்பளத்தில் கொஞ்சம் கூட்டிக் கொடுப்பதைவிட, வேலை முடியும் நேரத்தை அரை மணி முன்னதாக்கிக் கொடுப்பதே பெரிய நன்மை. கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துச் செய்யும் கடைசி ஒரு மணி நேர வேலை எப்படி இருக்கும் என்று மேசையில் இருக்கும் முதலாளிக்கும் தெரியாததல்ல.

ஆள் நிற்காமல் போவதால் வரும் நட்டத்தை முதலாளிமார் லேசில் கணக்கெடுப்பதில்லை. இதில் பெயர்பெற்ற கதை அமெரிக்காவின் ஃபோர்ட் மோட்டார் வாகனத் தொழிற்சாலையுடையது. 1913இல் அங்கே ஆட்கள் விலகிய வீதம் 370. அதாவது 100 பேர் செய்யும் வேலைக்கு ஒரு வருடத்தில் 370 பேரைப் புதிதாக எடுத்துப் பழக்கவேண்டியிருந்தது. 1914 ஜனவரியில் நாளொன்றுக்கு ஐந்து டொலர் என அறிவித்தார்கள். அதுவரை கிடைத்ததைவிட ஏறக்குறைய இருமடங்கு. வேலை நேரத்தையும் ஒன்பது மணியிலிருந்து எட்டாகக் குறைத்தார்கள். 1915இல் விலகல் 16 வீதமாக இறங்கியது.

இக்கதையைச் சொல்பவர்கள் இதோடு நிறுத்திவிடுவார்கள். அந்த ஐந்து டொலரில் பாதியளவு இலாபப் பங்கு என்ற பெயரில் வந்தது. அதைப் பெறுவதற்குத் தகுதி உண்டா என்று பார்க்கக் கம்பனியின் ஆட்கள் தொழிலாளியின் வீட்டுக்கே போனார்கள். குடிக்கிறாரா, சேமிக்கிறாரா, வீட்டில் வாடகைக்கு ஆள் வைத்திருக்கிறாரா என்று விசாரித்தார்கள். சலுகை கொடுக்கிற கை வீட்டுக் கதவையும் திறக்கப் பார்த்தது. 2009க்குப் பின் கிளிநொச்சிப் பக்கம் வந்த ஆடைத் தொழிற்சாலைகளுக்குப் போகும் பெண்பிள்ளைகளும் இதில் ஒரு பகுதியை அறிவார்கள். பஸ் வரும், சாப்பாடு உண்டு. இவை பெரிய உதவிதான். ஆடைத் தொழிலில் 'வருகைக் கொடுப்பனவு' என்று ஒன்றும் உண்டு. மாதத்தில் ஓரிரு நாள் வராவிட்டால் அது வெட்டுப்படும். காய்ச்சலோடும் மெசினில் இருப்பது இதனால்தான். அன்று தைக்கிற துணியில் எத்தனை திரும்பி வரும் என்று கணக்குப் பார்ப்பவர் யார்?

யார் கையில் இருக்கிறது?

நமது பாடத்தில் முக்கியமான பகுதி இதுவே. ஒரு சலுகை வேலையாளுக்குத் தைரியம் கொடுப்பது, அது வேலை கொடுப்பவரின் அன்றைய மனநிலையைச் சார்ந்து இராதபோது மட்டுமே.

தீவகத்தார் தென்னிலங்கையில் கடை வைத்த காலத்தை நினையுங்கள். பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பையனை ஊரிலிருந்து கூட்டிப் போவார்கள். உண்ண, உடுக்க, படுக்க எல்லாம் கடையில். சம்பளம் முதலாளியிடம் 'நிற்கும்'. ஊருக்கு வரும்போது கணக்குப் பார்ப்பார்கள். நல்ல முதலாளிமார் பையனை ஆளாக்கித் தனிக்கடையும் போட்டுக் கொடுத்தார்கள். அதை மறுப்பது நன்றிகெட்ட பேச்சு. ஆனால் 1958, 1977, 1983 எனக் கடைகள் எரிந்தன. பத்து வருடச் சம்பளம் முதலாளியின் கொப்பியில் மட்டும் இருந்து, கடையோடு கொப்பியும் எரிந்துபோனால், எதைக் காட்டிக் கேட்பது? முதலாளியே கட்டிய துணியோடு கப்பலேறி வந்திருக்கும்போது யாரிடம் கேட்பது?

இதற்கு மாறான ஏற்பாடு நமது பனைமரத்தடியிலேயே உண்டு. தவறணைகள் குத்தகைக்காரர் கையில் இருந்த காலத்தில் சீவல் தொழிலாளிக்குக் கிடைத்தது அவர் அளந்த கூலி. 1972 முதல் யாழ்ப்பாண மாவட்டத்தில் சீவல் தொழிலாளருக்கெனக் கூட்டுறவுச் சங்கங்கள் அமைந்தன. தொழிலாளி அங்கத்தவரானார், அவருடைய கள்ளைச் சங்கம் அளந்து வாங்கியது. விலையில் ஒரு சிறு பங்கை அவருடைய பெயரில் சேமிப்பாக வைப்பதும், மரத்தால் விழுந்தவர் குடும்பத்துக்கு உதவுவதும் சங்க வழக்கங்களாயின. காலையும் மாலையும் ஏறவேண்டிய தொழில் இது. பாளையை நாளாந்தம் சீவாவிட்டால் ஊறல் நின்றுவிடும். விழுந்தால் பிள்ளைகள் பட்டினி என்ற பயத்தோடு ஏறுவதற்கும், விழுந்தாலும் கேட்க ஓரிடம் இருக்கிறது என்று ஏறுவதற்கும் உள்ள வேறுபாட்டை ஏறுகிறவரே அறிவார். போர்க்காலத்தில் சங்கங்கள் பட்ட கஷ்டம் தனிக்கதை.

இனிச் சட்டம் தரும் ஏற்பாட்டைப் பார்ப்போம். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது ஊழியர் சேமலாப நிதியம். இன்று தொழிலாளியின் சம்பளத்தில் 8 வீதம் கழிக்கப்படும். முதலாளி தமது பங்காக 12 வீதம் போடவேண்டும். 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டப்படி ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு முதலாளி மாத்திரம் மேலும் 3 வீதம் கட்டவேண்டும். அதைத் தொழிலாளியின் சம்பளத்தில் கழிக்கக்கூடாது. 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் நின்றவருக்குப் பணிக்கொடை உண்டு. மாதச் சம்பளக்காரருக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் என்பது அதன் அளவு. இது 1983ஆம் ஆண்டுச் சட்டம்.

'நீ தற்காலிகம்தானே', 'நாட்சம்பளக்காரனுக்கு இது இல்லை' என்று கடையிலோ ஆலையிலோ சொன்னால் அது சரியல்ல. சேமலாப நிதி வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்தே உரியது. தற்காலிகமாக நிற்பவருக்கும், நாட்சம்பளத்துக்கும் துண்டு வேலைக்கும் நிற்பவருக்கும் உண்டு. 'கழித்தால் கைக்கு வருவது குறையும், வேண்டாம்' என்று நம்மவர்களே முதலாளியோடு உடன்படுவதையும் காண்கிறோம். 8ஐக் கைக்கு எடுக்கும்போது 12ஐயும் 3ஐயும் விட்டுக்கொடுக்கிறோம் என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்லவேண்டும். நமது தோட்டங்களில் இரண்டு நாள் களை பிடுங்க வருபவருக்கு நடைமுறையில் எவரும் இதைக் கட்டுவதில்லை. அவருக்குச் சோறும் அன்றன்றைய கூலியும் தவிர வேறு காப்பு இல்லாதபடியால்தான் அந்த இரண்டிலும் இவ்வளவு கண்டிப்பாகப் பேசினோம்.

இடம்பெயர்ந்தவர்களுக்கு இந்த நிதியில் தனியான ஒரு பயன் உண்டு. காசு முதலாளியின் மேசை லாச்சியில் இல்லை. இலங்கை மத்திய வங்கியில், அங்கத்துவ இலக்கத்தின் கீழ் இருக்கிறது. கடை எரிந்தாலும், ஆலை மூடினாலும், நாம் மூன்று மாவட்டம் மாறினாலும் அது அங்கேயே வட்டியோடு நிற்கும். 1980களில் கொழும்பிலோ காங்கேசன்துறையிலோ வேலை பார்த்து, பிறகு ஓடி, அந்தக் காசை மறந்தே போனவர்கள் நமக்குள் இருக்கக்கூடும். பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் அதை எடுக்கலாம். பெண்கள் திருமணத்தின்போதும் எடுக்க வழியுண்டு. நிரந்தரமாக வேலை செய்ய இயலாமற்போனவருக்கும் உண்டு. இறந்தவரின் காசு அவர் நியமித்தவருக்கு, நியமனம் இல்லையேல் சட்டப்படியான உரித்தாளருக்குச் சேரும். காணாமற்போனவர்களின் குடும்பங்கள் 2016ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்தின்படி, ஆள் காணாமற்போயுள்ளார் என்ற சான்றிதழைப் பெறலாம். மரணச் சான்றிதழ் எடுக்க மனம் ஒப்பாத தாய்மாருக்கும் மனைவிமாருக்கும் இத்தகைய கோரிக்கைகளில் அது துணையாகும்.

வேலைக்குச் சேரும்போது 'பி' அட்டை நிரப்பப்படுகிறது. அதில் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் சரியாக இருக்கின்றனவா என்று அன்றே பார்க்கவேண்டும். 'கந்தையா' ஓரிடத்திலும் 'கந்தயா' இன்னோரிடத்திலும் இருந்தால், முப்பது வருடத்துக்குப் பின் கந்தோர் கந்தோராக அலைவது மகன்தான். சம்பளச் சிட்டையில் அங்கத்துவ இலக்கத்தைத் தேடிப் பார்த்து, கடதாசி ஒன்றில் எழுதி வீட்டிலும், வேறொரு ஊரில் உள்ள உறவினரிடமும் ஒவ்வொரு பிரதி வையுங்கள். சிட்டையில் 8 வீதம் கழிந்திருந்தும் நிதியத்தில் காசு சேரவில்லையானால் தொழில் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்தில் முறைப்பாடு கொடுக்கலாம். பிந்திக் கட்டும் முதலாளி மிகைக்கட்டணமும் சேர்த்தே கட்டவேண்டும். பழைய வேலைத்தலத்தின் பெயரும் நின்ற வருடங்களும் மாத்திரம் நினைவிருந்தால், அடையாள அட்டையோடு அங்கே போய் அதிலிருந்தே தேடத் தொடங்குங்கள்.